படர் ஜூனிப்பர் பழுப்பேறுகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

தரையோடு படரும் பசுமை மாறா ஊசியிலைச் செடியான படர் ஜூனிப்பர் பழுப்பேறிவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பவை இரண்டு: எந்த மாதத்தில் பழுப்பேறியது, செடியின் எந்த இடத்திலிருந்து தொடங்கியது? பனிக்காற்று, பூஞ்சை, சிலந்திப்பேன், வேரடியில் தேங்கிய தண்ணீர், நடைபாதையில் போகும் நாய் ஆகிய எல்லாமே இந்தச் செடியில் ஒரே நிறத்தைத்தான் உண்டாக்குகின்றன. காலமும் இடமும் மட்டுமே அவற்றைப் பிரித்துக் காட்டும். ஆகவே செடியின் அருகே குந்தியிருந்து பார்த்தபடியே இதைப் படியுங்கள். ஒரு வெள்ளைத்தாள், உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறு கத்தி, கவாத்துக் கத்தரி, தோட்டக் கரண்டி ஆகியவை போதும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். ஊசியிலை குத்திய இடத்தில் பலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

நான் எழுதுவது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தென்பகுதித் தோட்டங்களை மனத்தில் வைத்துத்தான். ஆனால் இந்தச் செடி இங்கே வந்தேறியது அன்று. ஜூனிப்பெரஸ் ஹொரிசொன்டாலிஸ் என்னும் இவ்வினம் அலாஸ்காவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை தானாகவே வளர்வது. புரூஸ் தீபகற்பத்திலும் மானிற்றூலின் தீவிலும் உள்ள சுண்ணாம்புப் பாறைத் தரைகளுக்குச் சென்றால் அதன் இயல்பை நேரில் காணலாம். மண் ஒரு சாண் ஆழங்கூட இல்லாத பாறைப் பிளவுக்குள் வேரை இறக்கி, நாள் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்டு, ஏரிக்காற்றுக்கு முதுகைக் கொடுத்து அது பாறையோடு பாறையாகப் படிந்து கிடக்கும். மழை பெய்த சிறிது நேரத்தில் அந்தத் தரை காய்ந்துவிடும். வெயில், காற்று, வடிகால் ஆகிய மூன்றையும் எதிர்பார்க்கும் செடியைத்தான் நாம் புல்தரை போல நினைத்துத் தண்ணீர் விட்டு வளர்க்கிறோம். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேற்பட்டவை அங்கிருந்து தொடங்குகின்றன.

நவம்பரில் செடி முழுவதும் ஊதாவாகவோ செம்பு நிறமாகவோ மாறுகிறது

இது நோயன்று. அண்டோரா, பார் ஹார்பர் போன்ற வகைகள் குளிர் தொடங்கியதும் நன்றாகவே ஊதா நிறம் கொள்ளும். வில்டோனி மெல்லிய ஊதாச் சாயல் கொள்ளும். ஏப்ரலிலும் மேயிலும் நிறம் தானாகத் திரும்பிவிடும். ஐயமிருந்தால் பென்சில் பருமனுள்ள ஒரு கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் கிளை உயிரோடிருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. இலையுதிர் காலத்தில் கிளைகளின் உட்பக்கத்து முதிய ஊசியிலைகள் மட்டும் பழுத்து உதிர்வதும் இயற்கையே. பசுமை மாறாச் செடி என்றால் இலையே உதிராது என்று பொருளில்லை. இரண்டுக்கும் எதுவும் செய்ய வேண்டாம்.

பனி உருகிய பின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகத் தெரிகிறது

பழுப்பான பக்கம் வடமேற்குக் காற்றையோ தெற்கு வெயிலையோ நோக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது குளிர்காலக் கருகல். இலை காற்றில் ஈரத்தை இழந்துகொண்டிருக்கும்போது நிலம் உறைந்து கிடப்பதால் வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. பனிப்போர்வைக்குள் இருந்த பகுதி பச்சையாகவும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி பழுப்பாகவும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்திருந்தால் ஐயமே வேண்டாம். நட்டு ஓர் ஆண்டுகூட ஆகாத செடிகளையே இது அதிகம் தாக்கும்.

ஏப்ரலில் கத்தரியை எடுக்காதீர்கள். மே மாதக் கடைசிவரை பொறுத்திருந்தால், செத்ததாகத் தோன்றிய பல கிளைகளின் நுனியில் புதுத் தளிர் வருவதைக் காண்பீர்கள். வராதவற்றை அப்போது வெட்டுங்கள். அடுத்த குளிருக்கு முன், ஒக்ரோபர் முதல் நிலம் உறையும்வரை மழையில்லாத கிழமைகளில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். காற்று நேரே அடிக்கும் இடமானால் முளைகள் அடித்துச் சணல் சாக்கைத் திரையாகக் கட்டலாம். பிளாஸ்ரிக் தாளால் மூடக்கூடாது. வெயில் ஏறும்போது அதனுள் செடி வெந்துவிடும்.

பழுத்த பக்கம் தெருவையோ கார்ப்பாதையையோ நோக்கியிருந்தால், பனியை உருக்கத் தூவும் உப்பைச் சந்தேகியுங்கள். பார் ஹார்பரும், 1914இல் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்கு அப்பாலுள்ள வைனல்ஹேவன் தீவில் கண்டெடுக்கப்பட்ட வில்டோனியும் கடலோரப் பாறைகளின் பிள்ளைகள். உப்புத் தூறலை அவை தாங்கும். ஆனால் உப்புக் கலந்த பனியை வழித்து ஒரே இடத்தில் குவித்து, அந்தக் குவியல் மாதக்கணக்கில் வேருக்குள் உருகி இறங்குவதைத் தாங்க அவற்றால் இயலாது. நிலம் இளகியதும் அவ்விடத்தை இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அடுத்த ஆண்டு பனியை வேறு பக்கம் தள்ளுங்கள்.

நுனிகள் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் காய்கின்றன

இங்கேதான் மாதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒன்றுபோலவே தோற்றமளிக்கும் இரண்டு நுனிக்கருகல் நோய்கள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் மருந்தையும் காலத்தையும் வீணாக்குகிறார்கள்.

புதுத் தளிர் வருமுன்பே, அதாவது பெப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை, கடந்த ஆண்டு வளர்ந்த நுனிகள் காய்ந்து தெரிந்தால் அது கபாட்டினா. இந்தப் பூஞ்சை இலையுதிர் காலத்தில் ஏதேனும் காயத்தின் வழியாகவே நுழைகிறது. பூச்சி கடித்த காயம், பனி முறித்த காயம், நாமே கத்தரியால் ஏற்படுத்திய காயம் எதுவும் அதற்குப் போதும். அறிகுறி தெரியும்போது தொற்று நடந்து மாதங்கள் கடந்திருக்கும்; பூஞ்சைக்கொல்லி அடிப்பதில் பயனில்லை. காய்ந்ததை வெட்டி அகற்றுவதும், கோடை முடிவில் செடியைக் காயப்படுத்தாமல் விடுவதும்தான் வழி.

மே, யூன் மாதங்களில் வெளிர்பச்சைப் புதுத்தளிர் வந்த பிறகு அந்தத் தளிரே வதங்கி, செம்பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமானால் அது ஃபோமொப்சிஸ். அப்படி ஒரு நுனியைக் கிள்ளியெடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வையுங்கள். செத்த பகுதியும் உயிருள்ள பகுதியும் சந்திக்கும் இடத்தில், தண்டைச் சுற்றி மோதிரம் மாட்டினாற்போல ஒரு சாம்பல் பட்டை இருக்கும். அந்தப் பட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் வித்துகள் நிறைந்த ஒரு சிமிழ். மழைத்துளியோ தெளிப்பானின் துளியோ அதன்மேல் விழுந்து தெறிக்கும்போது வித்துகள் பக்கத்துத் தளிருக்குப் போய்ச் சேர்கின்றன. தளிர் பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் தொற்று பிடித்துவிடுகிறது. முற்றிக் கரும்பச்சையான இலையை இந்தப் பூஞ்சை தொடுவதில்லை. இளந்தளிரை மட்டுமே தாக்கும்.

இதிலிருந்தே செய்ய வேண்டியவை தெளிவாகின்றன. தலைக்கு மேலாகத் தெளிக்கும் புல்தரைத் தெளிப்பானைச் செடியின் பக்கமிருந்து திருப்பிவிடுங்கள். தண்ணீரை அடியில், காலையில் விடுங்கள். இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் செடி நன்றாக உலர்ந்திருக்கும் வேளையில், பட்டைக்குக் கீழே உயிருள்ள பகுதியில் வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் பிறகு கத்தரியின் அலகை 70 சதவீத அல்ககோலால் துடையுங்கள். வெட்டியதை வளவிலேயே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செத்த நுனியில் இந்தப் பூஞ்சை இரண்டு ஆண்டுகள்வரை உயிர்வாழும். தழைச்சத்து உரத்தைக் கொட்டாதீர்கள். உரம் கூடினால் இளந்தளிர் கூடும்; இளந்தளிர் கூடினால் நோய்க்கு உணவு கூடும். ஓகஸ்டில் ஒழுங்குக்காகச் செடியை மழித்துவிடுவதும் இதே காரணத்தால் தவறு: வெட்டிய பின் காலந்தப்பி வரும் தளிர் நோய்க்கும் இரையாகும், குளிருக்கும் இரையாகும்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க வழிகாட்டிகள் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் பூஞ்சைக்கொல்லிகள் பலவற்றை ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தில் அடிக்க இயலாது. அழகுக்காகப் பூச்சிக்கொல்லி பயன்படுத்துவதற்கான தடை 2009 ஏப்ரல் 22 முதல் இங்கே நடைமுறையில் உள்ளது. இதை நான் குறையாகக் கருதவில்லை. ஈரத்தைக் கட்டுப்படுத்தாமல் மருந்து மட்டும் அடித்த செடி அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் கருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

பச்சை மங்கி, புழுதி படிந்தாற்போல வெண்கல நிறமாகிறது

வெள்ளைத்தாளைக் கிளையின் கீழே பிடித்து, கிளையை மூன்று நான்கு முறை பலமாகத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியைச் சற்று நேரம் அசையாமல் கவனியுங்கள். அந்தத் தூசியில் சில புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். விறுவிறுவென்று ஓடுபவை பெரும்பாலும் அவற்றைத் தின்னும் நல்ல பேன்கள். அவை நிறைய இருந்தால் செடியை அவற்றிடமே விட்டுவிடலாம். ஊசியிலைகளை அருகில் பார்த்தால் ஊசி முனையால் குத்தினாற்போல மஞ்சள் புள்ளிகளும், கிளை இடுக்கில் நுண்ணிய நூலாம்படையும் தெரியும்.

ஜூனிப்பரில் பெரும்பாலும் காண்பது ஸ்புரூஸ் மரங்களைத் தாக்கும் சிலந்திப்பேன். அது குளிர்ந்த பருவத்தை விரும்புவது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெருகி, கடுங்கோடையில் ஓய்ந்துவிடும். ஆகவே யூலையில் நிறம் மங்கியதைக் கண்டு அப்போது மருந்து தேடுபவர், வந்துபோனவரைத் தேடுகிறார். மே மாதத்தில் தாளைத் தட்டிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, கிளைகளின் அடிப்பக்கமும் படும்படி, நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று கிழமைகள் கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெயில் ஏறுமுன் கழுவினால் நண்பகலுக்குள் செடி உலர்ந்துவிடும், நுனிக்கருகலுக்கு இடமிராது.

நம்மவர்களுக்கு வேப்பெண்ணெய் மேல் உள்ள நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆயினும் நீல நிற ஜூனிப்பரில் எந்த எண்ணெயையும் அடிக்க வேண்டாம். அந்த நீலம் இலையின் நிறமன்று. திராட்சையின் மேல் படிந்திருக்கும் வெண்பூச்சைப் போன்ற மெல்லிய மெழுகு. ஓர் இலையை விரலால் தேய்த்துப் பார்த்தால் நீலம் போய்ப் பச்சை தெரியும். எண்ணெய் செடி முழுவதற்கும் அதையே செய்யும். புதுத்தளிர் வரும்வரை நீலம் திரும்பாது.

நூலால் கட்டினாற்போலக் கொத்துகள், தொங்கும் பைகள், செம்மஞ்சள் களி

இவை பார்த்ததுமே விளங்குபவை. இலைகள் நூலாம்படையால் ஒன்றாகக் கட்டப்பட்டு, உள்ளே கோடுகளுடைய சிறு பழுப்புப் புழு இருந்தால் அது ஜூனிப்பர் வலைப்புழு. கொத்தோடு வெட்டி அழியுங்கள். இலைத்துணுக்குகளால் போர்த்திய, பெருவிரல் நீளப் பைகள் தொங்கினால் அவை கூண்டுப்புழுக்கள். ஒரு பைக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால், மே நடுவுக்குள் கையாலேயே பறித்து அகற்றுவது எந்த மருந்தையும்விட மேல். வசந்த மழைக்குப் பின் கிளைப் புடைப்புகளிலிருந்து செம்மஞ்சள் களி வழிந்தால் அது துருநோய். அந்தப் பூஞ்சை ஜூனிப்பருக்கும், ஆப்பிள், ஹாதோர்ன், சர்விஸ்பெரி முதலிய மரங்களுக்கும் இடையே மாறி மாறி வாழ்கிறது. ஜூனிப்பருக்கு அதனால் பெருங்கேடில்லை. பக்கத்து ஆப்பிளுக்குத்தான் உண்டு. புடைத்த கிளையை மார்ச் மாதத்தில் வெட்டிவிடுங்கள்.

ஒரு வட்டமோ ஒரு கிளையோ மட்டும் சட்டென்று சாகிறது

நடைபாதை ஓரத்தில், முழங்காலுக்குக் கீழான உயரத்தில், ஒரே இடம் திரும்பத் திரும்பக் கருகினால் அது நாயின் சிறுநீர். கண்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சேதம் குறையும். வசந்தத்தில் உட்பக்கத்துக் கிளையொன்று முழுவதும் பழுப்பேறினால் அதன் அடியைத் தூக்கிப் பாருங்கள். பட்டை சுற்றிலும் கொறிக்கப்பட்டு வெண்மரம் தெரிந்தால், பனியின் கீழ் வாழ்ந்த வோல் எலிகளின் வேலை அது. செடியடியில் மண்ணை மூடப் பரப்பிய தடித்த மூடாக்கும் ஓரத்தில் உயரமான புல்லும் இருந்தால் அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். இலையுதிர் காலத்தில் இரண்டையும் குறைத்துவிடுங்கள்.

நடுப்பகுதி மொட்டையாகிறது, இடையில் புல் முளைக்கிறது

மரம் வளர்ந்து நிழல் விழத் தொடங்கியிருந்தால் அதுவே காரணம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். குறைந்தால் செடி மெலிந்து, இலை உதிர்ந்து, நடுவில் எலும்புக்கூடாகும். முதிர்ந்த செடியில் வெயில் இருந்தும் நடுப்பகுதி வெறுமையாவதுண்டு. அப்போது பலரும் செய்யும் தவறு, மற்றச் செடிகளைப் போலத் துளிர்க்கும் என்று நம்பி அடியோடு வெட்டுவது. ஜூனிப்பரின் இலையற்ற பழைய மரம் மீண்டும் துளிர்க்காது. எந்தக் கிளையை வெட்டினாலும் பச்சை இலை இருக்கும் பகுதிக்குள்ளேயே வெட்ட வேண்டும். அதைத் தாண்டினால் அந்தக் கிளை என்றென்றைக்கும் முடிந்தது.

செய்யக்கூடியது வேறொன்று. இந்தச் செடியின் கிளைகள் நிலத்தைத் தொடும் இடத்தில் வேர்விடும். வெறுமையின் ஓரத்திலுள்ள நீண்ட இளங்கிளையொன்றை நடுப்பக்கம் திருப்பி, அடிப்பட்டையைச் சற்றுக் கீறி, வளைத்த கம்பியால் நிலத்தோடு பிணைத்து மண் போட்டு வையுங்கள். ஓர் ஆண்டோ இரண்டோ ஆகும். அவசரப்படுபவர்களுக்கு இது ஏற்ற செடியன்று. மொட்டை இடத்தில் ஐந்து சென்ரிமீற்றர் மரச்சீவல் மூடாக்கு இட்டுப் புல்லைக் கையால் பிடுங்குங்கள். களைத்தடுப்புத் துணி விரிக்காதீர்கள். அது களையை ஓரிரு ஆண்டுகள் தடுக்கும், படரும் கிளை வேர்விடுவதை நிரந்தரமாகத் தடுக்கும்.

செடி முழுவதும் மங்கி, கிளை கிளையாக உலர்ந்து சாகிறது

மேற்சொன்ன எதுவும் பொருந்தாவிட்டால் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. தண்ணீர் மிகுந்தாலும் குறைந்தாலும் மேலே தோன்றும் வாட்டம் ஒன்றுதான். இதை அறியாமல் வாடிய செடிக்கு மேலும் தண்ணீர் விட்டுக் கொன்றவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டு முன்சரிவில் ஆறு செடிகள் நட்டு, மூன்றாம் ஆண்டில் இரண்டு செத்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன்; சட்டியின் மூடியைத் தூக்குவதுபோல எதிர்ப்பின்றி எழுந்து வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்தும் வேர்த்தொகுதி வாங்கிவந்த சாடியின் வடிவிலேயே இருந்தது. வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு வெளியே ஒரு விரற்கடை கூடப் போகவில்லை. குழியின் சுவர் மண்வெட்டி பட்டு வழுவழுப்பாகி, மண்பானையின் உட்புறம்போல மின்னியது. அடியில் புளித்த வாடையுடன் தண்ணீர் நின்றது. ஒரு வேரை இரு விரலால் பிடித்து இழுத்தபோது, ஊறவைத்த உளுந்தின் தோல் கழல்வதுபோல மேற்பட்டை கையோடு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சியது. வேரழுகலுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள புதிய குடியிருப்புகளில் இது நேர்வதில் வியப்பில்லை. வீடு கட்டும்போது மேல்மண் வழிக்கப்பட்டு, கனரக வண்டிகள் ஏறி இறுகிய களிமண்ணின் மேல் சிறிதளவு மண் பரப்பிப் புல் விரிக்கிறார்கள். அதில் தோண்டும் ஒவ்வொரு குழியும் ஒரு கிணறு.

வாடிய செடி உங்களிடம் இருந்தால், தண்ணீர் விடுமுன் தோட்டக் கரண்டியால் வேருக்கருகே ஒரு சாண் ஆழம் தோண்டிக் கையை விடுங்கள். மண் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் குறை, ஆழமாக ஊற்றுங்கள். பிசைந்த மாவுபோல ஒட்டினால் தண்ணீர் மிகை. நீர் விடுவதை நிறுத்தி, சரிவின் கீழ்ப்பக்கம் வாய்க்கால் வெட்டி வடியவிடுங்கள். செடியில் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. வேரின் பட்டை கழலத் தொடங்கியிருந்தால் இல்லை, அகற்றிவிடுங்கள். வேரழுகலை உண்டாக்கும் கிருமி ஈரமண்ணில் பல ஆண்டுகள் தங்குமாதலால், வடிகாலைச் சரிசெய்யாமல் அதே குழியில் இன்னொரு ஜூனிப்பரை நடுவது பணத்தைப் புதைப்பதாகும்.

வடிகாலை அளக்க, முப்பது சென்ரிமீற்றர் ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு இரண்டரைச் சென்ரிமீற்றராவது இறங்கவில்லையென்றால் அங்கே குழியில் நடக்கூடாது. சுற்றுமண்ணையே அகலமாகக் கிளறி, முப்பது சென்ரிமீற்றர் உயர மேடாக்கி மேட்டில் நடுங்கள். குழிக்குள் மட்டும் கொம்போஸ்ற் நிரப்புவதும் அடியில் சரளைக்கல் போடுவதும் தண்ணீரை வடியச் செய்யா, அவ்விடத்தில் தேக்கும். சாடியிலிருந்து எடுத்ததும் வேர்த்தொகுதியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கத்தியால் கீறி, சுற்றிய வேர்களைக் கையால் விரித்துவிடுங்கள். குழிச்சுவரின் வழுவழுப்பைத் தோட்ட முள்கரண்டியால் கீறி உடையுங்கள். செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், சுற்றுமண்ணைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கட்டும். செடிக்குச் செடி ஒன்றரை மீற்றர் இடைவெளி விடுங்கள். முதல் ஆண்டில் வெறுமையாகத் தோன்றும், ஆனால் ஒரு செடி இரண்டு மீற்றருக்கு மேல் படரும்.

முதல் இரண்டு கோடைகளில், கரண்டியால் தோண்டிப் பார்த்து மண் உலர்ந்திருந்தால் மட்டும் கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து நீண்ட வறட்சியில் தவிரக் குழாயை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். எங்கள் சரிவில் செத்த இரண்டின் இடத்திலும் இப்போது மேட்டில் நட்ட இரண்டு செடிகள் இருக்கின்றன. போன மே மாதம் ஒன்றின் ஓரக்கிளையைத் தூக்கப் பார்த்தேன், அது எழவில்லை. கிளையின் அடியில் புதுவேர் மண்ணைப் பிடித்திருந்தது.